கடைப் பந்திக்கு ஒரு இலை

ஆலங்கரை மடத்தில் குருபூஜை என்றால் நாற்பது பூசணிக்காய். அந்த வருஷம் அவற்றை நறுக்கிய ஒன்பது பேரில் நானும் ஒருத்தன். ஆகவே கேள்விப்பட்டதைச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கண்ணால் பார்த்தது பாதி, ஓவர்சியரே பிற்பாடு என்னிடம் சொன்னது மீதி.

மடத்தை உண்டாக்கினவர் அனவரத சுவாமிகள். அந்தப் பேரைச் சொன்னால் ஊரில் பாதிப் பேர் முழிப்பார்கள். கடைப்பந்திச் சாமி என்று சொன்னால் பஸ் கண்டக்டர்கூட மடத்து வாசலிலேயே இறக்கிவிடுவார். அவர் சமாதியாகித் தொண்ணூறு வருஷம் ஆகிறது. இப்போது இருக்கிற நிராமய சுவாமிகள் நாலாவது பட்டம். நாற்பத்தைந்து வயசு. பேச்சு குறைவு, பிடிவாதம் அதிகம்.

அவருடைய சீடர் தெய்வசிகாமணிக்கு அறுபத்துநாலு. குருவைவிடச் சீடர் மூத்தவரா என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். பசி வந்தவன் சாப்பிட வருகிறான், அதில் வயசு என்ன வந்தது? வாய்க்கால், மதகு என்று அலைந்த பொதுப்பணித் துறை ஓவர்சியர் அவர். ஓய்வு பெற்று, மனைவியும் போன பிறகு வீட்டை மகளுக்கு எழுதிவைத்துவிட்டு மடத்துக்கு வந்தார். நாலு வருஷமாக வெள்ளை வேட்டியிலேயே இருந்தார். எல்லாரும் அவரை ஓவர்சியர் என்றே கூப்பிட்டார்கள், சாமி உட்பட.

அவருக்கு ஒரே ஒரு ஆசை. காவி வாங்க வேண்டும். முந்தின வருஷம் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். அதிலிருந்து ஆசை பயமாகிவிட்டது. காவி வாங்காமல் கண்ணை மூடினால் சொந்தக்காரர்கள் வந்து ஊருக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். மடத்து மண்ணில் இடம் கிடையாது. என்னிடமே இரண்டு தடவை சொல்லி அழுதிருக்கிறார்.

சாமி ஒருநாள் அவரைக் கூப்பிட்டு, வருகிற குருபூஜையில் காவி தருவதாகச் சொன்னார். அதற்கு முன்னால் ஒரு கேள்விக்கு விடை வேண்டும் என்றார்.

"பெரிய சாமிக்குக் கடைப்பந்திச் சாமின்னு பேர் வந்ததே, ஏன்?"

இவ்வளவுதானா என்று ஓவர்சியருக்கு ஒரே சந்தோஷம். குருபூஜை அன்றைக்கு மடத்துத் தலைவர் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்து கடைசிப் பந்தியில்தான் சாப்பிடுவார். அனவரத சுவாமிகள் வைத்த வழக்கம் அது. ஊரறிந்த விஷயம். இருந்தாலும் ஓவர்சியர் வேலை என்றால் சும்மாவா? ஆறு மாசம் அலைந்தார். பழைய தர்மகர்த்தா வீடு, குருக்கள் வீடு, வாத்தியார், வக்கீல் என்று நாற்பது பேரைப் பார்த்தார். பணிவுக்காக உட்கார்ந்தார் என்றார்கள் சிலர். வந்தவர்கள் எல்லாரும் சாப்பிட்டதைக் கண்ணால் பார்த்த பிறகு சாப்பிடுவார் என்றார்கள் சிலர். எல்லாவற்றையும் சேர்த்து இருபத்தெட்டுப் பக்கத்தில் ஒரு சிறு புத்தகம் எழுதிச் சாமியிடம் கொடுத்தார்.

சாமி ஒரே மூச்சில் படித்தார். கடைசிப் பக்கத்தில் இருந்த நாற்பது பேரின் பட்டியலை மட்டும் இரண்டு தடவை படித்தார்.

"எழுத்து நல்லாயிருக்கு. விடை இதுல இல்லை" என்றார்.

ஓவர்சியருக்கு முகம் செத்துப்போயிற்று. அப்படியானால் விடைதான் என்ன என்று கேட்டார்.

"குருபூஜையில பந்தி விசாரணையை நீங்களே பாருங்க. கடைப் பந்தியில எனக்கு ஒரு இலை போடுங்க. சரியான இடத்துல போட்டீங்கன்னா அன்னைக்கே காவி. இல்லைன்னா அடுத்த வருஷம் பார்ப்போம்."

அடுத்த வருஷம் என்ற சொல் ஓவர்சியரை எப்படி அடித்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பெரிய சாமி காலத்தில் ஊர்ப் பெரிய மனிதர்கள் முதல் பந்தியில் உட்கார்ந்தார்கள். அவர் கடைசியில் உட்கார்ந்ததைக் கேலி பண்ணினார்கள். அவர் சமாதியான பிறகு, சாமியோடு சேர்ந்து சாப்பிட்டால் புண்ணியம் என்று அதே வீட்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கடைசிப் பந்திக்கு நகர்ந்தார்கள். இப்போது அங்கேதான் தலைவாழை இலை, இரண்டு பாயசம், வெள்ளி டம்ளர். ஊர்ச்சனத்துக்குப் பதினோரு மணிக்கே முதல் பந்தி. அதில் வடை வருவதற்குள் மோர் வந்துவிடும். நம் ஆட்கள் கெட்டிக்காரர்கள். பந்தியைத்தான் மாற்றுவார்கள், பக்கத்து இலைக்காரனை மாற்றமாட்டார்கள்.

குருபூஜை வந்தது. ஓவர்சியர் விடியற்காலையிலேயே குளித்துத் தயாராகிவிட்டார். காவி வாங்குகிற நாளில் குளித்தவர், அது முடிகிற வரைக்கும் எச்சிலைத் தொடக் கூடாது. தொட்டால் அந்த வருஷம் காவி இல்லை. மடத்தில் இது கண்டிப்பு. முகூர்த்தம் மூன்று மணிக்குள். பந்தி விசாரணைக்காரர் கையால் எதையும் தொட வேண்டியதில்லை. மேற்பார்வை பார்த்தால் போதும். அதில் அவருக்குப் பழக்கம் உண்டு.

கூடத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு நூற்றிருபது இலைக்கு இடம் அளந்தார். பந்திக்குப் பந்தி கடிகாரம் பார்த்தார். முந்தின வருஷம் வாசலில் செருப்புகள் காணாமல் போய்ப் பெரிய ரகளையாகிவிட்டது. அதனால் செருப்புக் காவலுக்கு எத்திராசு என்கிற கிழவரை உட்கார வைத்து, தான் வந்து சொல்கிற வரைக்கும் இடத்தை விட்டு அசையக் கூடாது என்று உத்தரவு போட்டார். எத்திராசும் சரி என்று காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தார்.

நாலு பந்தி கடிகாரம் மாதிரி நடந்தது. ஐந்தாவது கடைப் பந்தி. ஓவர்சியர் ராத்திரியெல்லாம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார். வழக்கமாகச் சாமிக்கு நடுவில், பெரிய சாமி படத்துக்கு நேராக இலை போடுவார்கள். அவர் அதை எடுத்துக் கடைசி வரிசையில், கடைசி இடத்தில், பின்வாசல் ஓரமாகப் போட்டார். கடைப் பந்தியில் கடைசி இலை. இதைவிடச் சரியான இடம் என்ன இருக்கிறது?

ரைஸ்மில் கோதண்டபாணிக்கு மூஞ்சி சுருங்கிவிட்டது. குருபூஜைக்கு அரிசி முழுக்க அவர் வீட்டிலிருந்து வருகிறது. இருபது வருஷமாகச் சாமிக்குப் பக்கத்து இலை அவருக்குத்தான். முனகிக்கொண்டே பின்வாசல் ஓரம் வந்து உட்கார்ந்தார்.

பரிமாறியாயிற்று. சாமி வந்தார். இலையைப் பார்த்தார், உட்காரவில்லை.

"எல்லாரும் சாப்பிட்டாச்சா?"

"இந்தப் பந்திதான் சாமி பாக்கி."

"இதுக்கப்புறம்?"

"இதுக்கப்புறம் யாருமில்லை, சாமி."

ஓவர்சியர் இதை எவ்வளவு தெம்பாகச் சொன்னார் என்று எனக்கு இப்போதும் காதில் கேட்கிறது. அந்த நேரத்தில் பின்வாசலில் பூங்காவனம் கூடையோடு நின்றுகொண்டிருந்தாள். எச்சில் இலை எடுக்கிறவர்கள் ஏழு பேர். அவள்தான் அவர்களுக்கு மூப்பு. சாமி அவள் பக்கம் திரும்பினார்.

"நீங்க சாப்பிட்டாச்சாம்மா?"

அவள் பதறிப்போய்க் கூடையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். இலையெல்லாம் எடுத்துவிட்டுத்தான் சாமி என்றாள்.

சாமி தலையை ஆட்டினார். பின்வாசல் வழியாக வெளியே போய், இலை கொட்டுகிற குழிக்குப் பக்கத்தில் பூவரச மரத்தடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

கூடத்தில் நூற்றிருபது இலையிலும் சோறு. மடத்து வழக்கப்படி கடைப் பந்தியில் சாமி முதல் கவளம் எடுக்காமல் யாரும் சோற்றில் கை வைக்கக் கூடாது. ஓவர்சியர் வெளியே ஓடினார்.

"சாமி, இலை உள்ளே இருக்கு."

"அது கடைப் பந்தி இல்லையே."

இலையை இங்கேயே கொண்டுவரட்டுமா என்று கேட்டார் ஓவர்சியர். நான் ஒருத்தன் உட்கார்ந்தால் அது பந்தியா என்றார் சாமி. ஒரே ஒரு கவளம் எடுத்தால் உள்ளே இருக்கிறவர்கள் ஆரம்பிப்பார்களே என்று கெஞ்சினார். சாமி கண்ணை மூடிக்கொண்டார்.

சரி, இவர்கள் ஏழு பேரையும் முதலில் உட்கார வைத்துவிடலாம் என்று ஓவர்சியர் பூங்காவனத்திடம் போனார். ஏம்மா, நீ உட்காரு, முதலில் சாப்பிடு என்றார். அவள் முடியாது என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. காலையிலிருந்து எச்சில் அள்ளிய கை. குளிக்காமல் சோற்றைத் தொட மாட்டார்கள். குளித்துவிட்டால் மறுபடி எச்சிலைத் தொட மாட்டார்கள். நாளுக்கு ஒரு குளியல், கடைசி இலை எடுத்த பிறகுதான். அப்புறம் மிச்சம் இருப்பதைத் தூக்குச்சட்டியில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவார்கள். மடத்தில் அவர்களுக்கு இலை போட்டு யாரும் பார்த்ததில்லை.

"நாங்க குளிச்சுட்டு உக்காந்தா, உள்ளே இருக்கிற இலையை யாருய்யா எடுக்கிறது?" என்றாள்.

ஆக, சாமி சாப்பிடாமல் கூடம் சாப்பிடாது. இவர்கள் சாப்பிடாமல் சாமி சாப்பிடமாட்டார். கூடம் சாப்பிட்டு எழுந்திருக்காமல் இவர்கள் சாப்பிட முடியாது. நான் கழுவிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்க்க ஆரம்பித்தேன். பொய் சொல்வானேன், கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அப்பளம் நமுத்துப்போயிற்று. கூடத்தில் சலசலப்பு. கோதண்டபாணி எழுந்தேவிட்டார். சர்க்கரைக்கு மாத்திரை போட்டு முக்கால் மணி நேரம் ஆகிறது, இலையில் சோற்றைப் போட்டு உட்கார வைப்பது என்ன மரியாதை என்று கேட்டார். ஓவர்சியர் ஒரு வாழைப்பழத்தை உரித்து அவர் கையில் கொடுத்தார். பழத்துக்குத் தோஷமில்லை, உட்காருங்க என்றார். அந்தக் குரலில் என்ன இருந்ததோ, மனுஷன் பேசாமல் உட்கார்ந்துவிட்டார்.

அதன் பிறகு ஓவர்சியர் கூடத்துக்கும் பூவரச மரத்துக்கும் நடுவில் கொஞ்ச நேரம் நின்றார். தண்ணீர் போகாத வாய்க்காலில் எங்கேயோ ஒரே ஒரு இடத்தில்தான் அடைப்பு இருக்கும், அதை எடுத்தால் போதும் என்று அவர் அடிக்கடி சொல்வார். அன்றைக்கு அந்த அடைப்பு நான்தான்டா என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்றரை. முகூர்த்தத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. கடிகாரத்தைக் கழற்றி மடியில் கட்டிக்கொண்டார்.

"பூங்காவனம், நீங்க ஏழு பேரும் போய்க் குளிச்சுட்டு வாங்க. இந்தப் பந்தி இலையை நான் எடுக்கிறேன்."

நீ என்று கூப்பிட்டவர் நீங்க என்றதை அவள் கவனித்தாளோ இல்லையோ, நான் கவனித்தேன்.

"ஐயா, இன்னைக்கு நீங்க காவி வாங்குறவரு."

"தெரியும்."

"எச்சிலைத் தொட்டா..."

"தெரியும்மா. போய்க் குளிங்க."

அவள் அப்போதும் அசையவில்லை. ஓவர்சியர் அவள் கையிலிருந்த கூடையை வாங்கினார். காய்ந்த பருக்கை ஒட்டின கூடை. வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான். நாலு வருஷக் காத்திருப்பு அந்த இடத்தில் முடிந்துபோயிற்று. சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்ற பூங்காவனத்தை ஓவர்சியர் படித்துறைப் பக்கம் விரட்டாத குறையாக அனுப்பினார்.

ஏழு பேரும் ஈரத் தலையோடு வந்தார்கள். பின்தாழ்வாரத்தில் எட்டுத் தலைவாழை இலை. பின்வாசல் கதவை ஓவர்சியர் விரியத் திறந்து வைத்தார், கூடத்தில் இருக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டுமே. சாமி மரத்தடியிலிருந்து எழுந்து வந்து, பூங்காவனத்துக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். முதல் கவளம் எடுத்தார். உள்ளே நூற்றிருபது கை இலைக்குப் போன சத்தம் கேட்டது.

பாயசம் வரும்போது சாமி அவளிடம் கேட்டார், பெரிய சாமிக்கு அந்தப் பேர் எப்படி வந்தது என்று தெரியுமா என்று.

தெரியாமல் என்ன சாமி என்றாள் பூங்காவனம். அவள் மாமியாருக்கு மாமியார் இங்கே இலை எடுத்தவள். ஒரு குருபூஜையில் சோறு தீர்ந்துபோய் அவள் வெறும் அண்டாவைச் சுரண்டிக்கொண்டிருந்தாளாம். பந்தி முடிந்ததா என்று பெரிய சாமி கேட்க, முடிந்தது என்று உள்ளேயிருந்து சொன்னார்களாம். முடியவில்லை என்று சொல்லிவிட்டு, அவர் மறுபடி உலை வைக்கச் சொல்லி, அவளோடு இதே தாழ்வாரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாராம்.

"போயும் போயும் இவங்க பந்தியில உக்காந்தானே, கடைப்பந்திச் சாமின்னு பெரிய வீட்டுக்காரங்க சிரிச்சாங்களாம். அவரு இருக்கிற வரைக்கும் வருஷா வருஷம் எங்களோடதான் உக்காந்தாரு. அப்புறம் பந்தி போயிடுச்சு, பேரு மட்டும் நின்னுடுச்சு."

ஓவர்சியர் கூடத்து வாசற்படியில் கூடையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நாற்பது பேரைக் கேட்டேனே, இதை நீங்க ஏன் சொல்லவில்லை என்றார்.

"என்னைக் கேக்கலையேய்யா" என்றாள் அவள்.

சாமி இலையைப் பார்த்தபடியே சொன்னார்: "எனக்கும் தெரியாது ஓவர்சியர். உங்க பட்டியல்ல இவங்க பேர் ஒண்ணுகூட இல்லாததைப் பார்த்தபோதுதான் உறைச்சுது. பதினோரு வருஷமா நானும் தப்பான இலையிலதான் உக்காந்தேன்."

ஓவர்சியர் இலை எடுத்தார். நூற்றிருபது இலை. வாய்க்கால் வெட்டின உடம்பு என்றாலும் ஸ்டென்ட் வைத்த நெஞ்சு. இருபது இலைக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினார். உதவிக்குப் போனவர்களை வேண்டாம் என்று அனுப்பினார். நான் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்காமல் எட்டு இலை எடுத்தேன். கோதண்டபாணி தன் இலையைத் தானே எடுத்தார் என்று இப்போது ஊரில் கதை விடுகிறார்கள். அப்படியெல்லாம் இல்லை. இலையை மடித்துவிட்டுக் கைகழுவப் போனார். ஆனால் போகும்போது ஓவர்சியர் முகத்தைப் பார்க்காமல் போனார்.

கூடத்தைக் கழுவிவிட்டு, குளித்து, ஈர வேட்டியோடு அவர் வந்தபோது மணி நாலரை. தாழ்வாரத்தில் சாமியும், நாலாம் பந்தியிலேயே சாப்பிட்டுவிட்ட நானும் மட்டும் இருந்தோம்.

"முகூர்த்தம் தாண்டிடுச்சு சாமி. இலையையும் தப்பான இடத்துலதான் போட்டேன். அடுத்த வருஷம் இருந்தாப் பார்ப்போம்" என்றார் ஓவர்சியர். அழவில்லை. கெஞ்சவும் இல்லை.

சாமி ஒரு இலை போட்டுத் தண்ணீர் தெளித்தார். தன் கையாலேயே சோறு வைத்து ரசம் ஊற்றினார். ஓவர்சியர் உட்கார்ந்தார். கை இலைக்குப் போயிற்று.

"எல்லாரும் சாப்பிட்டாச்சா?" என்று கேட்டார் சாமி.

 சோற்றுக்கு மேலே ஓவர்சியர் கை அப்படியே நின்றது. திடீரென்று எழுந்து, கூடத்தைத் தாண்டி, வெளி வாசலுக்கு ஓடினார். அந்த வயசில் அப்படி ஓடக் கூடாது. நானும் பின்னாலேயே ஓடினேன்.

வாசலில் ஒரே ஒரு ஜோடி செருப்பு பாக்கி இருந்தது. ஓவர்சியருடையது. அதற்குப் பக்கத்தில் எத்திராசு, காலை ஏழு மணிக்கு உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். நீங்க வந்து சொல்லலையே ஐயா என்றார்.

ஓவர்சியர் குனிந்து அவர் கையைப் பிடித்துத் தூக்கினார். கிழவருக்குக் கால் மரத்துப்போயிருந்தது. தோளில் தாங்கி மெதுவாகத் தாழ்வாரத்துக்குக் கூட்டிவந்தார்.

ஓவர்சியர் இலைக்குப் பக்கத்தில் இன்னொரு இலை போட்டிருந்தது. அதிலும் சோறு, ஆவி பறந்துகொண்டிருந்தது. சாமி மடியில் மடித்த காவித் துணி இருந்தது.

ஓவர்சியர் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கடைப் பந்தியே இப்பத்தான், முகூர்த்தம் இன்னும் தாண்டல. ரெண்டு பேரும் உக்காருங்க, ரசம் ஆறுது" என்றார் சாமி.